அம்மா எங்கே போயிருந்தாள்?

ஒரு குழந்தைக்கு விபத்து நேர்ந்தால் நாம் முதலில் கேட்பது தாயைப் பற்றித்தான்: "அம்மா எங்கே போயிருந்தாள்?" அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது.

அமெரிக்காவில் பல தலைமுறைக் குழந்தைகள் ஒருபக்கம் கீழிறங்கும் தொட்டிலில் தூங்கின. பிள்ளையைத் தூக்குபவர் அதிகம் குனிய வேண்டாம் என்பதற்கான வசதி அது. ஆனால் அந்தப் பக்கத்தைத் தாங்கும் கொக்கிகள் உடைந்தன. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் குறைந்தது 32 குழந்தைகளின் மரணம் இத்தகைய தொட்டில்களோடு தொடர்புடையது. சில தொட்டில்களில் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பூட்டிவிடவும் முடிந்தது. பூட்டியவர்மேல் பழி போடுவது எளிது.

ஐனெஸ் டெனன்பாம் ஆசிரியையாகத் தொடங்கி, வழக்கறிஞராகி, தென் கரோலினா மாநிலக் கல்வித் துறையின் தலைமைக்குத் தேர்தலில் வென்றவர். 2009-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவரானார். 2010 டிசம்பரில் ஆணையம் தொட்டில்களுக்கான புதிய விதிகளை ஒருமனதாக ஏற்றது. 2011 ஜூன் 28 முதல் பக்கம் இறங்கும் தொட்டிலைச் செய்வதும் விற்பதும் சட்டவிரோதமாயின.

தலைவர் பெண் என்பதால் இது நடந்ததா? அவருக்கு முன் பொறுப்புத் தலைவராக இருந்த நான்சி நார்டும் பெண்தான். ஆணையத்தின் அதிகாரத்தை விரிவாக்க வந்த மசோதாவின் பல பகுதிகளை 2007-ல் அவர் எதிர்த்தார். நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது மட்டும் போதாது.

டெனன்பாமின் கையில் 2008-ன் சட்டம் இருந்தது. அதற்குப் பின்னால் பிள்ளையை இழந்த பெற்றோரின் போராட்டம் இருந்தது. சிகாகோ தம்பதி ஒருவரின் மகன் 1998-ல் குழந்தைக் காப்பாளர் வீட்டில் இறந்தான். அந்தத் தொட்டில் ஐந்தாண்டுகளுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. தாய் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், சொல்லப்படாத ஒன்றை எப்படி அறிந்திருப்பாள்?

கவனம் ஓர் அறம் என்கிறோம். ஆனால் அதை ஒருத்தியின் தலையில் மட்டும் வைத்தால் அது தண்டனையாகிவிடுகிறது. மனிதர் களைத்துப்போவார்கள். இரவெல்லாம் விழித்த ஒருத்தி தவறாகப் பூட்டிவிடக்கூடிய பொருள், செய்யும்போதே தவறான பொருள். நல்ல விதி இதை ஒப்புக்கொள்கிறது; விழித்திருக்கும் வேலையில் ஒரு பங்கை அரசும் ஏற்கிறது.

எனவே கேள்வியை மாற்றுவோம். இதைச் செய்தவர் யார்? சோதித்தவர் யார்? தெரிந்தும் சொல்லாதவர் யார்? இப்படிக் கேட்கப் பழகினால், அடுத்த விதிக்காக இத்தனை குழந்தைகளை எண்ண வேண்டியிராது.