தர்மமும் சிநேகமும்



ஏழைக்குக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் செய்யவேண்டிய கடமை தீர்ந்ததா? இதை உலகறியக் கேட்டவர் ஒரு தமிழர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், ஆங்கிலிக்கன் சபையார். நல்ல பாடத்தை எவரிடமும் கற்கலாம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ம் வருஷம் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1909-ல் குருப்பட்டம் பெற்று, அந்நாளில் நைஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்தார். மறு வருஷம் ஸ்காத்லாந்திலுள்ள எடின்பரோவில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அநேகமாய் எல்லாரும் ஐரோப்பியர், அமெரிக்கர். அங்கே முப்பத்தைந்து வயது அசரியா பேசினார். மிஷனெரிமார் பொருளையும் உயிரையும் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் எங்களுக்குச் சிநேகிதர்களும் வேண்டும் என்று கேட்டார். கேட்டவர்களில் சிலருக்கு மனம் புண்பட்டது.

ஏன் புண்பட்டது? கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே. தர்மம் செய்கிறவன் தன் உயரத்தைவிட்டு இறங்க வேண்டியதில்லை. சிநேகத்திலோ பக்கத்தில் உட்காரவேண்டும். அவன் சொல்வதைக் கேட்கவேண்டும். அவன் கையிலிருந்து வாங்கவும் வேண்டும். இந்தக் கடைசிக் காரியந்தான் நமக்குக் கஷ்டம்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அசரியா அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய மேற்றிராணியார் ஆனார். இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வருவதை வெள்ளையரிலும் இந்தியரிலும் சிலர் எதிர்த்தார்கள். சென்னை மேற்றிராணியாரான ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றார். கேட்ட சிநேகம் இப்படியும் கிடைத்தது. 1945 ஜனவரி முதல் தேதி மரிக்கும்வரை தோர்ணக்கல்லிலேயே இருந்தார். அவருடைய மக்களில் மிகுதியானோர் மாலா, மாதிகா என்று ஊர் ஒதுக்கிவைத்த ஏழைகள்.

"பசித்தவனுக்குச் சோறல்லவா முதலில்?" என்பீர்கள். மெய்தான். நியாயமான கூலியைக் குறைத்துவிட்டுத் தோளில் கைபோடுவது சிநேகமல்ல, ஏமாற்று. கூலி நீதி, தர்மம் இரக்கம். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் செலுத்திய பிறகும் ஒரு கடன் மிச்சமிருக்கிறது.

நம் பிள்ளைகள் ஓசூர்க் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மேலாளர் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏய்" என்றால், மாதச் சம்பளம் சரியாக வந்தாலும் மனம் வலிக்கிறதல்லவா? நம் தோப்பில் மாங்காய் பறிக்க வருகிறவருக்கும், வடக்கேயிருந்து வந்து பக்கத்து அறையில் தங்கியிருக்கிற தொழிலாளிக்கும் அதே மனந்தான். அவர் பேர் நமக்குத் தெரியுமா? அவர் வீட்டுத் தண்ணீரை நாம் குடித்ததுண்டா?

சேசுநாதர் தம் சீஷர்களை ஊழியர் என்னாமல் சிநேகிதர் என்று அழைத்தார். அடுத்த திருவிழாச் சாப்பாட்டில் ஏழைகளுக்குப் பரிமாறுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் இலையையும் அதே பந்தியில் போடச் சொல்லி உட்காருங்கள்.

உங்கள் பங்குக் குரு