சக்கேயு கண்ட புதுவாழ்வு



எரிக்கோ நகரின் ஆயக்காரர் தலைவனான சக்கேயு, யேசுவைக் காண மரத்தில் ஏறினான். ஊரார் பாவியென்று ஒதுக்கிய அவனுடைய வீட்டிலேயே ஆண்டவர் தங்கத் திருவுளமானார். முதலில் திருந்து, பின்பு வருகிறேன் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. அவருடைய அன்பே முந்திச் சென்றது.

சக்கேயுவும் வெறும் நல்லெண்ணத்தோடு நின்றுவிடவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான் (லூக். 19:8).

பாவசங்கீர்த்தனம் செய்து வீடு திரும்பும் நாம், அயலவர் காணிக்குள் தள்ளிப்போட்ட வேலியை அப்படியே விட்டுவைக்கலாமா? கூடப்பிறந்தவரின் பங்கை மறைத்து வைத்துக்கொண்டு, மன்னிப்புப் பெற்றோம் என்று ஆறுதலடையலாமா?

ஆண்டவர் இன்று நம் வீட்டுக்கும் வருகிறார். நாளைக்கென்று ஒத்திப்போடாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம். அவர் தரும் புதுவாழ்வு நம் இல்லங்களிலும் மலர்வதாக!