கடல் கடந்தவன் கண்டது யாரை?

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று நம் சங்கக் கூடத்தில் பஞ்சசீலம் ஏற்று, அறவுரை முடிந்து, யாவரும் கஞ்சி அருந்திக் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் மட்டும் தூணருகே நின்றுகொண்டிருந்தார். என்னோடு ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் தறி ஓட்டிய நண்பரின் புதல்வர் அவர். ஜெர்மனி நாட்டில் பொறியியல் மேற்படிப்பு முடித்து, அங்கேயே வேலையும் ஏற்று, ஒரு மாத விடுமுறையில் வந்திருப்பவர். அவர் கேட்டது இது:

“ஐயா, நான் அந்நாட்டில் இறங்கிய நாள் முதல் கடையிலும் ரயிலிலும் படிப்பறையிலும் எவரும் என் பிறப்பைக் கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் முதன்முதலாக என்னை நானே கண்டேன். இங்கே திரும்பி வந்து நம் தெருமுனையில் கால் வைத்ததும், அங்கே கண்ட அந்த ஆளைக் காணவில்லை. அங்கே கண்டவன் நானா, இங்கே நிற்பவன் நானா?”

அன்று எனக்கு விடை வரவில்லை. யான் பள்ளியில் கற்றது சொற்பம். ஆலைச் சங்கு ஊதும் நேரத்திற்கு இடையிடையே படிப்பகத்தில் கற்றதே மிகுதி. நெடுந்தொலைவுப் பயணம் என்று யான் அறிந்தது நாகபுரிக்கும் புத்தகயைக்கும் முன்பதிவில்லாப் பெட்டியில் போய் வந்தது மட்டுமே. எனினும் கேள்வி என்னை விடவில்லை. நம் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து போகின்றனர் ஆதலின், அவருக்குச் சொல்ல நினைத்ததை அனைவர்க்குமாக இங்கு எழுதுகின்றேன்.

முதலில் நினைவுக்கு வருவது வினய பிடகத்து மகாவக்கத்தில் உள்ள ஒரு நிகழ்ச்சி. பகவான் புத்தர் வாரணாசியினின்று உருவேலை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு சோலையில் மரத்தடியில் அமர்ந்திருந்தார். செல்வக் குடி இளைஞர் முப்பதின்மர் தத்தம் மனைவியரோடு அங்கு உலாவ வந்திருந்தனர். அவருள் ஒருவனுக்கு மனைவி இல்லை. அவனுக்கென அழைத்து வரப்பட்ட கணிகை, அவர்கள் களித்திருந்த வேளை பார்த்துப் பொருள்களை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவளைத் தேடி அலைந்த இளைஞர் பகவானைக் கண்டு, ஒரு பெண் இவ்வழி போனதைப் பார்த்தீரோ என வினவினர். பகவான் திருப்பிக் கேட்டார்: அந்தப் பெண்ணைத் தேடுவது மேலா, தம்மைத் தாமே தேடுவது மேலா என்று. அவர்கள் தேட்டத்தை விட்டு அமர்ந்து அறம் கேட்டனர்.

இதில் இரண்டு செய்திகள் உள. தன்னைத் தேடுவது வீண் வேலை என்று பகவான் சொல்லவில்லை. அதுவே மேலான வேலை என ஒப்ப வைத்தார். ஆயின், தேடுவதற்கு வேறு நாட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே உட்காரச் சொன்னார். அப்படியானால் பயணத்திற்குப் பயனே இல்லையா? உண்டு. அதை விளக்க, நம் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைக் காட்டிலும் தக்க சான்று எனக்குத் தெரியவில்லை.

1913-ஆம் ஆண்டு, பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 22 வயது இளைஞராக அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். மேலை நாடுகளில் வாழ்ந்த அவ்வாண்டுகளில், தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே தம் உள்ளத்தினின்று முற்றும் துடைக்கப்பட்டுவிட்டது எனப் பின்னாளில் அவரே எழுதினார். பரோடாவில் வேலை ஏற்கச் சென்றபோதுதான், எங்கே தங்குவது, யார் இடம் கொடுப்பார் என்ற கேள்வி எழ, அந்நினைவு திரும்பி வந்து அவரைத் தாக்கியது. பார்சி விடுதி ஒன்றில், காப்பாளர் உடன்பாட்டோடு, பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் கோலேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. அடைக்கலம் கேட்ட நண்பர் இருவரும் ஏதேதோ காரணம் கூறினர். பொதுப் பூங்காவில் இரவு வண்டிக்குக் காத்துக் கண்ணீரோடு அமர்ந்திருந்தார், கொலம்பியாவில் பொருளாதாரம் கற்ற அவ்விளைஞர்.

இங்கே நிறுத்திச் சிந்திப்போம். கடல் கடந்தபோது அண்ணலிடம் புதிதாக ஒன்று சேர்ந்ததா? கல்வி சேர்ந்தது, அது வேறு. தீண்டாமை நினைவைப் பொறுத்தவரை, ஒன்று உதிர்ந்தது என்பதே உண்மை. தோலோடு ஒட்டியது, பிறவியோடு வந்தது என இந்நாடு எதைச் சாதித்து வந்ததோ, அது நான்கே ஆண்டுகளில் உதிருமாயின், அது அவருடையதாக எப்போதும் இருந்ததில்லை என்பது தெளிவு. பிறர் கையில் அதன் கயிறு இருந்தது. கயிற்றைப் பிடிப்போர் இல்லாத ஊரில் அது இற்றது. பிடிப்போர் உள்ள ஊரில் மீண்டும் இறுகிற்று.

ஆலையில் எமக்கு ஒரு பித்தளை வில்லை தருவார்கள். எண் பொறித்தது. வாயிலில் காட்டினால்தான் உள்ளே விடுவர். கூலிப் புத்தகத்திலும் தண்டனைத் தாளிலும் அந்த எண்ணே இருக்கும். பல ஆண்டு கழிந்தபின், உறக்கத்தில் எவரேனும் அந்த எண்ணைக் கூறினால் எழுந்து நிற்கும் நிலையில் யான் இருந்தேன். ஆலை மூடிய நாளில் வில்லையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டனர். அன்று மாலை வீட்டுக்கு நடக்கையில், அந்த எண் இப்பொழுது யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. சாதி என்பதும் அத்தகைய வில்லையே. ஆயின், அதைத் தந்தவர் திருப்பி வாங்குவதில்லை. நாமே கழற்றி எறிய வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பியின் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்தது. அயல் நாட்டில் அவர் தம்மைக் கண்டார் என்பதைவிட, தாம் அல்லாததைக் கண்டார் என்பதே பொருந்தும். அது சிறு பேறு அன்று.

இனி மறு பாதி. வில்லையைக் கழற்றிய பின் எஞ்சுவது யார்? “உண்மையான நான்” என ஒருவன் உள்ளே ஒளிந்திருந்து, ஜெர்மனி விமான நிலையத்தில் வெளிப்பட்டானோ? நம் தம்மம் அவ்வாறு கூறவில்லை. நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்குத் தேரை எடுத்துக்காட்டினார். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று. தறி ஓட்டிய எனக்குத் துணியே எளிது. பாவும் ஊடையும் கூடியிருக்கும் வரை துணி. நூல் நூலாகப் பிரித்துவிட்டால் துணி என்று தனியே ஒரு பொருளும் கையில் நில்லாது. அதற்காகத் துணி பொய் என்பதில்லை. உடுத்துகிறோம், குளிர் தாங்குகிறோம். அது நெய்யப்பட்டது, இன்னும் நெய்யப்படுகிறது என்பதே அதன் உண்மை. மனிதனும் அங்ஙனமே. அங்கே கண்டவனும் நீரே, இங்கே நிற்பவனும் நீரே. இரண்டும் முடிந்த துணி அல்ல. எந்த நூலை ஊடாக ஓட்டுகிறோம் என்பதே நம் கையில் உள்ளது. அந்நூலுக்கு வினை என்று பெயர்.

தொலைவு தானே ஒருவனை ஆக்கிவிடாது என்பதற்குச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் சான்று. ஏழாம் நூற்றாண்டில், முப்பது வயது நிரம்பாத பருவத்தில், அரசு தடுத்திருந்தும் மேற்கே புறப்பட்டார். பாலைவனத்தில் நீர்த்தோல் கைநழுவிக் கொட்டிவிட, சிறிது தொலைவு திரும்பியும் நடந்தார். பின்னர்த் தம் சூளுரையை நினைந்து மீண்டும் மேற்கே திரும்பினார். அத்தனை இன்னல் கடந்து போதிமரத்தடியை அடைந்தபோது அவர் மகிழ்ந்து ஆடவில்லை. பகவான் மெய்யுணர்ந்த காலத்தில் தாம் எந்தப் பிறவியில் எங்கு உழன்றோமோ என நிலத்தில் வீழ்ந்து அழுதார் என்று அவர் வரலாறு கூறுகிறது. இடத்தை அடைந்தார், பொருளை அடைய இன்னும் உழைக்க வேண்டியிருந்தது. நாளந்தையில் முதியவர் சீலபத்திரரிடம் மாணவராய் அமர்ந்தார். அந்தச் சீலபத்திரருக்கு ஆசிரியர் தர்மபாலர். தர்மபாலர் பிறந்த ஊர் நம் காஞ்சிபுரம் என்று யுவான் சுவாங்கே குறித்துள்ளார். காஞ்சிக்கும் அவர் வந்து சென்றார்.

நாளந்தைத் துறவியர் அவரை இங்கேயே தங்குமாறு வேண்டினர். அவர் இசையவில்லை, தாம் கற்றது தம் நாட்டார்க்கும் சேரவேண்டும் என்றார். 645-ஆம் ஆண்டு 657 நூல்களுடன் சீனத் தலைநகர் அடைந்து, 664-இல் மறையும் வரை மொழிபெயர்ப்பிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். பயணத்துக்குச் சென்ற ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஈடான ஆண்டுகள், மேசை முன் அமர்ந்த உழைப்பு. அவர் தம்மைக் கண்டது பாலைவனத்திலா, எழுத்தறையிலா என்று கேட்டால், எழுத்தறைக்கே யான் வாக்களிப்பேன்.

உலகின் முடிவைக் கால்நடையால் அடைந்துவிடலாம் என்று ஓயாது நடந்து வழியிலேயே மாண்ட ரோகிதச்சன் என்னும் முனிவனின் கதையும் சுத்தத்தில் உண்டு. உலகும் அதன் தோற்றமும் அதன் முடிவும் இந்த ஓராள் அளவுள்ள உடலிலும் உள்ளத்திலும் காணத்தக்கன என்பதே பகவான் அவனுக்கு விடுத்த விடையின் சாரம்.

இவ்வளவும் எழுதி, ஒரு வாரம் கழித்து அத்தம்பியிடம் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டவர், “ஐயா, அன்று நான் முழுவதும் சொல்லவில்லை” என்றார். ஜெர்மானியர் எவரும் கேட்கவில்லை என்பது உண்மையே. ஆனால் உடன் தங்கிய நம் நாட்டு மாணவர் இருவர் ஊரைக் கேட்டனர்; பின் தெருவைக் கேட்டனர்; பின் குலதெய்வத்தைக் கேட்டனர். இவர் அடுத்த தெருவின் பெயரைச் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அறையை விட்டு வெளியே, பனியிலும், போய் நின்று பேசுகிறாராம்.

அன்பர்களே, கடல் கடந்தும் நம்மவர் சிலர் இவ்வில்லையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023-ஆம் ஆண்டு, சாதி பற்றிய பாகுபாட்டையும் சட்டத்தால் தடுக்க நேர்ந்ததும் இதனாலேயே.

தம்பி சொன்னது பொய்யா? சொல்லளவில் பொய்யே, நான்காம் சீலத்துக்கு மாறானதே. ஆயின் யான் அவரைக் கடியவில்லை. உண்மை கூறினால் தண்டிக்கும் அவையில் முதற்குற்றம் கேட்டவன் மேலது. அண்ணலும் இடம் கிடைக்காத ஊரில் வேற்றுப் பெயர் எழுதினார் அல்லரோ? ஆனால் சீலம் நமக்குத் தரப்பட்டது நம்மைக் குற்றவாளி ஆக்குவதற்கன்று, அச்சமின்றி வாழ்வதற்கு. பொய் சொன்னவன் அதற்கு இரவும் பகலும் காவல் நிற்கவேண்டும். தாயோடு பேசப் பனியில் நிற்கும் கால்கள் அந்தக் காவலுக்கே நிற்கின்றன. அண்ணல் அக்காவலை நெடுநாள் நிற்கவில்லை. பரோடாவில் நேர்ந்ததை, வேற்றுப் பெயர் எழுதியதையும் சேர்த்து, அயல் நாட்டாரும் அறியத் தாமே எழுதி வைத்தார். பம்பாய் ஆலைகளில் நாடாவின் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும் என்பதனால் நம்மவரை நெசவுப் பகுதியில் சேர்க்க மறுத்ததை, 1928 வேலைநிறுத்தத்தின்போது வெளிப்படையாகக் கேட்டார். பூங்காவில் அழுத இளைஞர் தம்மைக் கண்டது அங்கேதான்: மறைத்ததை வெளியே எடுத்து, அதைப் பிறர்க்கான வழக்காக மாற்றிய இடத்தில்.

நம் மணிமேகலையும் இளமையில் கடல் கடந்தவளே. மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பு உணர்ந்தாள். அவளது கதை அங்கு முடிந்திருந்தால் அவளுக்கு மட்டுமே பயன். கோமுகிப் பொய்கையில் பெற்ற அமுதசுரபியோடு புகார் நகருக்கே மீண்டு, எந்த ஊரில் கணிகை மகள் என ஏசப்பட்டாளோ அந்த ஊரின் பசித்தோர்க்கே சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். கடலுக்கு அப்பால் கண்ட ஞானம் உண்மையா என்று சோதிக்கும் உரைகல் இதுவே: கையில் பாத்திரம் இருக்கிறதா?

ஆதலின் தம்பிக்கு யான் கூறியது, வேலையை விட்டுத் திரும்பி வாரும் என்பதன்று. எந்நாட்டில் வாழினும் குற்றமில்லை. அறையை விட்டு வெளியே போகாமல் தாயோடு பேசும். கேட்பவனுக்கு உம் தெருவின் பெயரைச் சொல்ல உமக்கு வலிமை வரும் நாளில் சொல்லும், வராத நாளில், “ஏன் கேட்கிறாய்” என்று திருப்பிக் கேளும், அதுவும் மெய்யே. அடுத்து அங்கு வரும் நம் பிள்ளைக்கு ஓர் அறை பார்த்துக் கொடும். இம்மூன்றையும் செய்யும்போது இருப்பவர் யாரோ அவரே நீர்.

அவர் விடைபெறுமுன் பஞ்சசீலத்தை மீண்டும் ஒருமுறை வாங்கிக்கொண்டார். நான்காவது சீலத்தில் குரல் சற்றுத் தடுமாறிற்று. பின் முழுவதும் சொன்னார். ஊர் சென்றபின் ஒரு முறை தொலைபேசியில் அழைத்தார். அறைக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்று யான் கேட்கவில்லை.

நமோ புத்தாய.