பார்த்து உண்ணல்

'உயர்தர சைவ உணவகம்' என்னும் பலகையைக் கண்டவுடன் நம் சமூகத்தார் மனம் அமைதி அடைகிறது. ஊன் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று எண்ணி உள்ளே நுழைகிறோம். அவ்வெண்ணம் எத்துணை சரியானது என்று சிந்திக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்கு நேர்ந்தது.

என் பேத்தி தன் முதற் சம்பளத்தில் குடும்பத்தார் அனைவரையும் குமரி மாவட்டத்திற்கு அழைத்துச் சென்றாள். காலையில் சிதறால் மலை ஏறினோம். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். பாறையில் வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கினோம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலையில் பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். தமக்கெனச் சமைக்கப்படாத உணவைப் பகற்பொழுதில் ஒருமுறை மட்டும் ஏற்பது நம் துறவியர் நெறி என்பதைப் பேத்திக்கு எடுத்துரைத்தேன்.

மாலையில் குமரி முனையில் கதிரவன் கடலில் மறைவதைக் கண்டோம். அதன்பின் பேத்தி முன்னரே ஏற்பாடு செய்திருந்த பெரியதோர் சைவ உணவகத்திற்குச் சென்றோம். குளிரூட்டிய அறை, உணவின் நிறமும் தெரியாதபடி மங்கிய விளக்குகள். இரவில் உண்ணா விரதத்தை நான் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருபவள். "எனக்கு ஒன்றும் வேண்டா, தண்ணீரும் வேண்டா" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன்.

"பாட்டி, எல்லாம் சைவந்தானே? நாம் உண்ணாவிட்டாலும் இவர்கள் சமைத்துத்தான் வைத்திருப்பார்கள். இதில் பாவம் என்ன?" என்றாள் பேத்தி.

நல்ல கேள்வி. முதலில் அதற்கு விடை காண்போம். வினையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று வழிகளிலும் வினை நம்மைச் சாரும் என்பது நம் ஆகமக் கொள்கை. உணவகத்தின் அடுப்பை நாம் மூட்டவில்லை என்பது மெய்யே. ஆயினும் நம்போன்றோர் நாளையும் வருவர் என்பதனாலேயே அவ்வடுப்பு மூட்டப்படுகிறது. தண்ணீர் வடிகட்டப்பட்டதா, கீரையும் பூக்கோசும் பூச்சி நீக்கி ஆராயப்பட்டனவா என்பதை அறியாமலே உண்கிறோம். மின்விளக்கு வந்தபின் இரவுணவு விலக்கிற்குப் பொருளில்லை என்பாரும் உளர். விளக்கொளியை நாடியே பூச்சிகள் வருகின்றன என்பதை மழைக்காலத்தில் எந்தக் குழந்தையும் அறியும்.

அடுத்தது அளவு. உணவைப் போல ஒருமுறை நுகர்ந்து தீர்வது போகம். ஆடையைப் போலப் பன்முறை பயன்படுவது உபபோகம். இவ்விரண்டிற்கும் எல்லை வகுப்பதே போகோபபோகப் பரிமாண விரதம். ஊனை விலக்கிய பின்னரும் நாவிற்கு எல்லை வேண்டும் என்பதே அதன் கருத்து. நால்வர் உண்ணப் பன்னிரண்டு பண்டங்களை வரவழைப்பது 'சைவம்' ஆகலாம், விரதம் ஆகாது.

இவற்றையெல்லாம் அன்றிரவு நான் பேத்தியிடம் விரிவாகச் சொன்னேன். பாடம் நடத்தும் பழக்கம் எளிதில் போவதில்லை. நான் சொல்லி முடித்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மருமகளும் தலைகுனிந்து ஏதோ கொறித்தாள். பண்டங்கள் பெரும்பாலும் தொடப்படாமலே திரும்பின. பரிமாறிய இளைஞன் முகம் வாடி, "சாப்பாடு சரியில்லையா, அம்மா?" என்று கேட்டான். எத்தனை மணி நேரமாக அவன் நின்றுகொண்டிருந்தானோ! அதுவரை அவன் முகத்தை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விரதத்தில் நான் தவறவில்லை. ஆனால் விரதத்தைப் பற்றிய செருக்கு என்னுள் இருந்தது. மானமும் நான்கு கஷாயங்களுள் ஒன்றன்றோ? விருப்பு வெறுப்புகள் உள்ளத்தில் எழுவதே இம்சை என்பது அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டும் உண்மை. பூச்சிகளுக்காக இரங்கிய நான், என் எதிரே அமர்ந்திருந்த குழந்தையின் மனத்தை நோகச் செய்துவிட்டேன்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகள் ஐந்தைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று ஆலோகித பான போஜனம். அதாவது, உண்பதையும் பருகுவதையும் ஒளியில் நன்கு பார்த்து உட்கொள்ளுதல். பார்க்க வேண்டியது தட்டை மட்டுமன்று என்பதை இந்த முதிய வயதில் கற்றேன். யார் சமைத்தார், யார் பரிமாறுகிறார், யார் அன்போடு அழைத்தார் என்பதையும் பார்த்தே உண்ணல் வேண்டும். சொல்ல வேண்டியதை முன்னதாகவே, இன்சொல்லால் சொல்லியிருந்தால், விருந்து பகலிலேயே நடந்திருக்கும்.

மறுநாள் நண்பகலில் நாகர்கோவிலில் எளியதோர் உணவகத்திற்கு நானே அனைவரையும் அழைத்தேன். சாளரத்தின் வழியே வெயில் இலைமேல் விழுந்தது. அவியலும் துவரனும் கேட்டளவே வாங்கினோம். சேனைக்கிழங்கு எரிசேரியை மட்டும் வேண்டா என்றேன். பேத்தி காரணம் கேட்க, ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். எவர் இலையிலும் மீதமில்லை. பரிமாறிய பெரியவரிடம், "நீங்கள் சாப்பிட்டாயிற்றா, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

பணம் அவளே கொடுத்தாள். அவளுடைய முதற் சம்பளத்தில் நான் உண்ட விருந்து அதுவே.