இட்ட பெயரும் அழைக்கும் பெயரும்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மூத்த பெண் குழந்தைக்குத் தந்தையின் தாயார் பெயரை இடுவது வழக்கம். ஆகவே பெயரைப் பற்றி விவாதமே எழுவதில்லை. பாகீரதி என்றோ விசாலாட்சி என்றோ அது முன்பே தீர்மானமாகியிருக்கிறது. விவாதம் எழுவது அடுத்த கேள்வியில்தான்: குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? பள்ளியில் பிற மொழிக் குழந்தைகள் நடுவே அப்பெயர் படப்போகும் பாட்டை எண்ணி, தாய் இரண்டெழுத்துச் செல்லப்பெயர் ஒன்றைத் தேடுகிறாள். பாட்டியின் முகம் வாடுகிறது. தாராவியில், நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறி, குலதெய்வத்தின் பெயரால் மகளுக்கு இசக்கியம்மாள் என்று பெயரிட்ட பெற்றோருக்கும் இதே சங்கடம் உண்டு.

செல்லப்பெயர் சூட்டுவது மரபைக் கைவிடுவதாகுமா?

மரபையே கேட்டால் அது வேறுவிதமாகப் பதில் சொல்கிறது. மாமியாரின் பெயரை மருமகள் உச்சரிப்பது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட காலத்தில், அதே பெயர் கொண்ட குழந்தையை அவள் எவ்வாறு அதட்டுவாள்? அம்மாளு, குஞ்சு, தங்கம், பட்டு என்ற பெயர்கள் வீடுகளில் நிறைந்ததற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம். சாஸ்திரமும் ஒரே பெயரோடு நிற்கவில்லை. உபநயனம் வரை பெற்றோர் மட்டுமே அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்றை ஆச்வலாயன க்ருஹ்ய சூத்திரம் கூறுகிறது. பெண்ணின் பெயர் எளிதில் உச்சரிக்கத் தக்கதாகவும், மனத்திற்கு இனியதாகவும், மங்கலமாகவும் இருக்க வேண்டும் என்பது மனு ஸ்மிருதியின் விதி. நாவுக்கு எளிமை வேண்டும் என்று விரும்பும் தாய் சாஸ்திர விரோதி அல்லள்.

எனினும் பாட்டியின் பக்கமும் வலுவானது. இறைவனின் பெயரையே பிள்ளைகளுக்கு இடுமாறு பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் வற்புறுத்துகிறார். பாகவதத்தின் ஆறாவது ஸ்கந்தத்தில், அஜாமிளன் மரண பயத்தில் தன் கடைசி மகன் நாராயணனைக் கூவி அழைக்க, விஷ்ணுதூதர்கள் வந்து நிற்கின்றனர். அவன் மகனை 'நாணு' என்று அழைத்துப் பழகியிருந்தால்? விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் நாள்தோறும் நூறுமுறை நாவில் வரக்கூடிய நாமத்தை இழப்பது நஷ்டமே என்ற பாட்டியின் கவலை இதில் அடங்கியிருக்கிறது.

இங்கே வேதாந்தி ஒருவர் குறுக்கிடலாம். பானை, சட்டி என்பன வெறும் பெயர்கள், மண் ஒன்றே உண்மை என்று சாந்தோக்கியத்தில் உத்தாலகர் ச்வேதகேதுவுக்கு உபதேசிக்கிறாரே. பெயருக்காக ஏன் இத்தனை கலக்கம் என்பார் அவர். அதே உபநிடதத்தில்தான், கற்றதெல்லாம் வெறும் நாமமே என்று நாரதரிடம் கூறும் ஸனத்குமாரர், உடனேயே அந்த நாமத்தைப் பிரம்மமாக உபாசிக்கச் சொல்கிறார். அதைவிடப் பெரியவற்றை அதன் பின்னரே காட்டுகிறார். பெயரைக் கடப்பதற்கும் பெயருக்கு வெட்கப்படுவதற்கும் வெகு தூரம்.

அந்த வெட்கமே கவனிக்கத் தக்கது. அன்பினால் சுருங்கும் பெயர் ஒன்று. ஊரார் நகைப்பார்கள் என்று ஒளிக்கப்படும் பெயர் மற்றொன்று. ஒலியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், குழந்தை வேற்றுமையை உணர்ந்துவிடுகிறது. முழுப்பெயரைச் சொல்லும்போது தாயின் குரல் தாழ்ந்தால், பாட்டியிடமிருந்து வந்தது ஏதோ குறை என்று அது கற்றுக்கொள்கிறது. (பாகீரதி மராட்டியருக்கும் வழிவழியாக வந்த பெயர் என்பதைப் பல தாய்மார்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.)

1853-இல் ஜயராம்பாடியில் பிறந்த பெண் குழந்தைக்கு அன்னை சியாமசுந்தரி க்ஷேமங்கரி என்று பெயரிட்டார். சாரதா என்ற தன் மகளைப் பறிகொடுத்திருந்த அவருடைய சகோதரி, அப்பெயரை இக்குழந்தைக்கு இடுமாறு வேண்டினார். மகளையே இவளிடம் காணலாம் என்பது அவரது ஏக்கம். தாய் தயங்கவில்லை. பெயர் மாறியது. உலகம் அறிந்தது சாரதாதேவியை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். வீட்டில் 'பாகி' என்றே வளர்ந்த சிறுமி அவ்வேளையில் தாயின் முகத்தைப் பார்க்கிறாளா, அல்லது தானே முன்வந்து "பாகீரதி" என்கிறாளா?