தளர்ந்தாரை நிலைநிறுத்தும் அறம்



நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். நிலை தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் சிரேணிக மன்னரின் மைந்தரான வாரிஷேண முனிவர். அவரைப் பின்பற்றித் துறவேற்ற புஷ்பதாலர், உள்ளத்தால் இல்லத்திலேயே உழன்றார். வாரிஷேணர் அவரைக் கடிந்து விரட்டவில்லை. அவர் மனம் சிக்குண்ட இடத்தை உணர்ந்து, உடன் நடந்து, தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று தெளிவித்தார்.

இவ்வறத்தை இன்று முதலில் பெற வேண்டியவர்கள் நம் இல்லத்துப் பிள்ளைகளே. பதின்ம வயதில் வரும் மனச்சோர்வு சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று, அது நோய். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரமோ எரிச்சலோ நீங்காதிருத்தல், விரும்பிய விளையாட்டும் கசத்தல், உறக்கமும் உணவும் மாறுதல், 'நான் எதற்கும் பயனற்றவன்' என்று எண்ணுதல் ஆகியன அதன் குறிகள்.

யாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச்சையும் உணவையும் குறைத்துக்கொண்டாள். 'வைராக்கியம் வந்துவிட்டது' என்று பாட்டியார் மகிழ்ந்தார். யாமோ, பயிற்சியில் உளவியல் பயின்றிருந்தும், 'பஞ்ச மந்திரம் சொல். படிப்பில் மனத்தைச் செலுத்து' என்று கூறி அனுப்பிவிட்டோம். பின்னர் அவளுடைய அத்தை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சில மாதங்களில் தேறி வந்தவள், 'டீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அதன்படி நடக்க முடியாததுதான் என் துன்பமாக இருந்தது' என்றாள். அச்சொல் இன்றும் எம் நெஞ்சில் உறுத்துகிறது.

வைராக்கியம் அமைதியையும் எவ்வுயிர்க்கும் அன்பையும் தரும். மனச்சோர்வோ தன்னையே வெறுக்கச் செய்யும். இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை.

இந்நோய்க்கு உரையாடல் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர் வாரந்தோறும் பிள்ளையுடன் அமர்ந்து பேசுவார். 'தேர்வில் தோற்றேன்; ஆகவே என் வாழ்வே வீண்' என்று பிள்ளை சொன்னால், அந்த 'ஆகவே' சரிதானா என்று இருவரும் சேர்ந்து ஆராய்வர். ஒரு நோக்கையே முழு உண்மையெனக் கொள்வது ஏகாந்தம் என்று கற்ற நமக்கு இம்முறை புதிதன்று. பின்னர், கைவிட்ட சிறு செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்வர்.

அங்கே பிள்ளை சொன்னதைத் துருவிக் கேளாதீர். தம்மிடம் ஆலோசனை செய்தவரின் குற்றத்தை வெளியே கசியவிடாத ஆசாரியரை 'அபரிஸ்ராவி' என்று நம் ஆகமம் போற்றுகிறது. உளவியலாளருக்கும் அதுவே முறை. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் பெற்றோரிடம் கூறுவர்.

பேச்சு மட்டுமே எல்லோருக்கும் போதும் என்று யாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் மனச்சோர்வுற்ற 12 முதல் 17 வயதுடைய 439 பேரிடம் நடத்தி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 12 வார முடிவில், மருந்தும் உரையாடலும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 71 பேர் நன்கு தேறினர். மருந்து மட்டும் பெற்றோரில் 61 பேரும், உரையாடல் மட்டும் பெற்றோரில் 43 பேரும் தேறினர். எது தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

'எல்லாம் வினைப்பயன்' என்று சிலர் வாளா இருப்பர். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு நாம் அவ்வாறு சொல்வதுண்டோ? ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த அறமன்றோ நம்முடையது!

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் வாதிடாதீர், தனியே விடாதீர், அன்றே மருத்துவரை நாடுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அன்பர்களே! இன்று மாலை ஜினாலயம் சென்று திரும்பியதும் உங்கள் பிள்ளையின் அருகே அமருங்கள். 'உன் மனம் எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். கேட்டபின் அறிவுரை கூறாது காத்திருங்கள். ஸ்திதிகரணம் அந்தப் பொறுமையில் தொடங்குகிறது.

அறம் வளர்க!