துணைக்காரணர்: மகவின் வளர்ச்சியும் பெற்றோர் கடனும்



குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். சித்தாந்த நூல் பயில்வார் யாவரும் தொடக்கத்திலேயே கற்றறிவது இஃது. உலகத்தின் தோற்றத்தை விளக்க எழுந்த இவ்வுவமையை நம் இல்லத்தினுள் கொண்டுசென்று பொருத்திப் பார்ப்பார் சிலரே. நம் மடியில் வளரும் மகவு எவ்வாறு வளர்கின்றது, அவ்வளர்ச்சியில் நமக்குள்ள பங்கு யாது என்னும் வினா எழுங்கால், கற்ற நூலறிவு ஒருபுறம் ஒதுங்க, 'யாம் வளர்த்தோம்' என்னும் எண்ணமே முந்துகின்றது. அவ்வெண்ணம், மகவு முந்துங்கால் செருக்காகவும், பிந்துங்கால் அச்சமாகவும் வடிவு கொள்ளும். இரண்டும் ஒரு வேரினின்றும் கிளைத்தவை. அவ்வேரை ஈண்டு ஆராய்வாம்.

தாம்பரத்தினின்றும் வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது ராஜகீழ்ப்பாக்கம். 2021-ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய ஊர் அது. ஆங்கு வாழும் சைவ இல்லறத்தார் ஒருவர், தம் மூத்த மகவுக்கு ஈராண்டு நிறைந்த நன்னாளில் சில சொற்கள் கூறுமாறு எம்மை வேண்டினர். இளைய மகவுக்கு அப்பொழுது திங்கள் ஒன்பது. வந்த சுற்றத்தார் வாழ்த்துக் கூறியபின் வினவியது ஒன்றே: "மூத்தவன் எட்டாம் மாதத்திலேயே தவழ்ந்தானே, இவள் இன்னும் தவழவில்லையா?" அன்னையின் முகம் வாடிற்று. அவ்வமயம் மூத்த மகன், தங்கையைத் தாயின் மடியினின்றும் தள்ளித் தான் ஏறியமர்ந்து, "என் அம்மா" என்றான். அனைவரும் நகைத்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் வருந்தியோ நகைத்தோ விட்டுவிடற்பாலன அல்ல. முன்னது பக்குவம் என்னும் பொருளைப் பற்றியது; பின்னது ஆணவம் என்னும் பொருளைப் பற்றியது. இவற்றை முறையே நோக்குவாம்.

நம் முன்னோர் மகவின் வளர்ச்சியைக் கருவிலிருந்தே நோக்கியவர்கள். மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலில், தாய்வயிற்றில் உயிர் திங்கள்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை எண்ணிக் காட்டினார். பிறந்தபின் உள்ள திங்களை எண்ணியது பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்களுள் சிறு வேறுபாடு உண்டேனும், பெருவழக்காகக் கூறப்படும் முறை வருமாறு: 3-ஆம் திங்களில் காப்பு; 5-இல் கைகளை நிலத்தூன்றித் தலைநிமிர்ந்தாடும் செங்கீரை; 7-இல் நா அசையும் தால்; 9-இல் கைகொட்டும் சப்பாணி; 11-இல் முத்தம்; 13-இல் தளர்நடையிட்டு வரும் வருகை; 15-இல் நிலவைச் சுட்டும் அம்புலி. இறுதி மூன்றும் ஆண்மகவுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்மகவுக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன எனவும் பிரியும்.

இவ்வகை நூல்களுள் பழமையானதாக இன்று கிடைப்பது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ். அதன் தலைவன் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன். அவ்வரசன்பால் அமைச்சராயிருந்தவரே, தாம்பரத்திற்கு அணித்தாய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான். அரசனை மகவாக்கிப் பாடக் கேட்ட அவர், ஆளுடைய பிள்ளையாரின் பருவ வளர்ச்சியைத் தம் புராணத்துள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தோதினார். பன்னூறாண்டுகளின் பின்னர்த் திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், அச்சேக்கிழாரையே மகவாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மேற்கூறிய பத்தனுள் தவழ்தற்கெனத் தனிப்பெயர் பெற்ற பருவம் இல்லை. சுற்றத்தார் வினவிய வினாவுக்கு இடமளிக்கும் பருவத்தையே புலவர்கள் தனித்து வகுத்திலர். இக்கால ஆராய்ச்சியும் இதற்கு மாறுபடவில்லை. உலக நல நிறுவனத்தார் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 மகவுகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிக முந்தியோரையும் மிகப் பிந்தியோரையும் நூற்றுக்கு ஒருவராக நீக்கி, நலமுள்ள மகவுகள் பற்றி அவர் கண்ட எல்லை இது: துணையின்றி அமர்தல் 3.8 திங்கள் முதல் 9.2 வரை, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 வரை, துணையின்றி நடத்தல் 8.2 முதல் 17.6 வரை. நூற்றுக்கு நால்வர் அளவினர் அவ்வாறு தவழாமலே நடை பெற்றனர். ஆகவே ஒன்பதாம் திங்களில் தவழாமை குறையன்று. ஒரு மகவு எட்டாம் திங்களில் தவழ, மற்றொன்று பதின்மூன்றாம் திங்களில் தவழ, இரண்டும் நலமுடையனவே. ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே உணவுண்டு, ஒரே தொட்டிலில் துயின்ற இரண்டனுள் இவ்வேறுபாடு யாங்ஙனம் வந்தது?

பக்குவ வேறுபாட்டினால் வந்தது என்பதே சித்தாந்தம் தரும் விடை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்றும் அவ்வவ் வுயிரின் வினைக்கீடாக இறைவனால் கூட்டப்பெறுவன. கூட்டப்பெற்ற கருவிகள் தொழிற்படத் தொடங்கும் முறையை மகவினிடம் கண்ணாரக் காணலாம். கை நீள்கின்றது; இது கலை என்னும் தத்துவம் ஆணவத்தைச் சிறிதே நீக்கிச் செயலை எழுப்பியதற்கு அறிகுறி. முகம் தெரிகின்றது, இது வித்தை அறிவை விளக்கியதற்கு அறிகுறி. கண்ட பொருளை விரும்புகின்றது. இஃது அராகத்தின் தொழில். இவற்றை அளந்து நிற்பது காலம். இன்ன உயிர்க்கு இன்னதே என வரையறுப்பது நியதி. ஆண்டுநிறைவு என்று நாம் கொண்டாடுவது காலதத்துவத்தின் ஓர் அளவை மட்டுமே. நியதியின் அளவு நம் கையில் இல்லை. ஆகலின், ஒரு மகவின் நியதியை மற்றொரு மகவின் காலத்தால் அளப்பது பொருந்தாது.

அற்றேல், எல்லாம் பக்குவத்தின்படி வருமென்று பெற்றோர் வாளாவிருத்தல் அமையும் போலும் எனின், அற்றன்று. தண்டசக்கரமின்றிக் குடம் வனையப்படாதவாறு போல, துணைக்காரணமாகிய பெற்றோர் தம் தொழிலிற் சோர்தல் ஆகாது. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபர சுவாமிகள் ஐந்தாண்டு நிரம்பியும் வாய் பேசாதிருந்தார். அவர்தம் பெற்றோராகிய சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும், 'பேசுங்கால் பேசுக' என்று வீட்டிலிருந்தாரல்லர். 'எம் குடிக்கு இழிவு' என்று மகவைச் சினந்தாருமல்லர். செந்திலம்பதிக்கு எடுத்துச்சென்று நோன்பிருந்தனர். பேச்சு வந்தபொழுது அது கந்தர் கலிவெண்பாவாக வந்தது. தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை ஞானாசிரியராகப் பெற்று, காசியில் திருமடம் நிறுவிய அப்பெரியாரே, மீனாட்சியம்மை மீதும் முத்துக்குமாரசுவாமி மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்தாண்டு வரை தாலும் முத்தமும் வருகையும் கேட்டு ஒருமொழி மறுமொழி கூறாதிருந்த மகவு, உலகத் தாயையே மகவாக்கித் தாலாட்டிற்று. பிந்தியது குறைந்தது அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இன்றைய பெற்றோருக்கு இம்முயற்சியின் வடிவம் வேறு, உள்ளம் அதுவே. உரிய நாளில் தடுப்பூசி இடுதலும், எடையும் உயரமும் அளந்து குறித்துவைத்தலும், 9 திங்கள் கடந்தும் தானே அமராத மகவையும், 18 திங்களாகியும் நடவாத மகவையும், ஒருமுறை பெற்ற திறத்தை மீண்டும் இழக்கும் மகவையும் காலந்தாழாது மருத்துவரிடம் காட்டுதலும் பெற்றோர் கடன். இவற்றைச் செய்து, பயனை நிமித்தகாரணனாகிய இறைவன்பால் வைத்து அமைதலே துணைக்காரணர் நிலை. செய்யாதிருத்தல் மடி, செய்தபின் அஞ்சுதல் ஆணவம்.

இனி, மூத்த மகன் கூறிய சொல்லை நோக்குவாம். 'என் அம்மா' என்ற அம்மொழி மிக இனியது. ஆயின் 'எனது' என்னும் உணர்வு கருவிகளோடு கூடி முதன்முதல் வாய்திறந்த இடமும் அதுவே. ஆணவம் அன்று புதிதாய் வந்ததன்று, அநாதியே உள்ளது. தொட்டிலில் அடங்கியிருந்தது, தங்கை வந்தமையால் வெளிப்பட்டது. இதனைக் கண்டு மகவை அதட்டுதல் தகாது. தந்தை நீருள் மூழ்கி மறைந்தபொழுது காழிப்பிள்ளையாரும் மூன்றாண்டு மகவாய்க் கரையில் நின்று அழுதருளினார். அவ்வழுகைக்குக் கிடைத்தது சினமன்று, பால். பெற்றவர் தன் கண்ணினின்று மறைந்தாரெனக் கருதி மூத்த மகவு அழுங்கால், நாம் அளிக்கவேண்டுவதும் அதுவே. மடியில் இருவர்க்கும் இடமுண்டு என்பதைச் சொல்லால் அன்றிச் செயலாற் காட்டுக.

பின்னர், 'எனது' என்னும் அவ்வுணர்வை அன்பாக மாற்றும் பயிற்சி தொடங்குக. திருவாமூரில் பெற்றோரை இழந்து, மணம் பேசப்பெற்ற தலைவனையும் போரில் இழந்து, உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். உடன்பிறப்பின் பொருட்டு ஓருயிர் நின்றமையால் நமக்கு அப்பர் சுவாமிகள் கிடைத்தார். ஈராண்டு மகவுக்கு இவ்வரலாறு விளங்காது. ஆயினும் அதன் வித்தை இடலாம். பிறந்தநாளில் மகவு பெறுவதற்கு முன்னர், தன் கையால் தங்கைக்கு ஒன்று கொடுக்கட்டும். வந்த சிறார்க்குப் பழம் வழங்கட்டும். ஏற்றிய மெழுகுதிரியை ஊதி அணைப்பதினும், பிறந்த நட்சத்திரத்தில் ஆண்டுக்கு ஒன்றாகத் திருவிளக்கு ஏற்றுதல் நம் கொள்கைக்கு இயைந்தது. மாயை தந்த இவ்வுடல், ஆணவ இருளில் ஞாயிறு தோன்றுமளவும் உதவும் விளக்கு அன்றோ? அதனை ஏற்றித் தந்தவனை நினையும் நாளில் விளக்கணைத்தல் எற்றுக்கு?

அவ்விளக்கை ஏற்றத் தக்க திருக்கோயில் ராஜகீழ்ப்பாக்கத்தார்க்கு அண்மையிலேயே உண்டு. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில், தூங்கானைமாட வடிவில் அமைந்த விமானமுடைய சோழர் காலத் திருப்பணி. கபில முனிவர் பசுவாய்ப் பிறந்து இலிங்கத்தின்மீது பால் சொரிந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. பசு என்னும் சொல் ஆவையும் உயிரையும் ஒருங்கு உணர்த்துவது. கன்றுக்கெனச் சுரந்த பாலை ஆ இறைவன்மேற் சொரிந்தது. தமக்கெனக் கருதிய மக்களைப் பெற்றோர் இறைவன் உடைமையெனக் கண்டு ஒப்புவித்தல் அதனையொத்த வழிபாடாம்.

தூங்கானைமாடம் என்ற அளவில், அப்பெயரையே கொண்ட பெண்ணாகடத்துத் திருக்கோயில் நினைவுக்கு வருகின்றது. அவ்வூர் அச்சுதகளப்பாளர், மகப்பேறின்றி, தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதர் வழிகாட்டத் திருவெண்காட்டில் தவமிருந்து பெற்ற மகவே சுவேதவனப் பெருமாள். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் மனையில் வளர்ந்துவந்த அம்மகவுக்கு, இளம்பருவத்திலேயே பரஞ்சோதி முனிவர் உபதேசித்து மெய்கண்டார் என்னும் பெயர் தந்தருளினார். தம் மாணாக்கர் பலர் அம்மகவை நாடிச் சென்றது கண்டு பொறாத பண்டிதர், நேரிற் சென்று, ஆணவமலத்தின் வடிவம் யாதென வினவினார். மகவு விடை கூறாது, நின்ற அவரையே அடிமுதல் முடிவரை நோக்கிற்று. பண்டிதர் அந்நோக்கின் பொருளுணர்ந்து வீழ்ந்து வணங்கி, அருணந்தி சிவாசாரியராய் எழுந்தார்.

மகவின்முன் நின்று, 'இது யாம் ஆக்கியது. பிறர் மகவினும் முந்தியது' என்று கருதும் ஒவ்வொருவரும் அன்று நின்ற பண்டிதரே. மகவு நம்மை இமையாது நோக்கும் நோக்கம் ஒவ்வொரு இல்லத்திலும் உண்டு. அதனைப் பொருளுணர்ந்து ஏற்பார்க்கு மகவு ஆசானாம். முந்திய மகவைக் கண்டு செருக்காமலும், பிந்திய மகவைக் கண்டு சோராமலும், அழும் மகவை அணைத்தும், துணைக்காரணராய் நின்று தம் கடன் ஆற்றும் பெற்றோர் இல்லறத்திலேயே சிவத்தொண்டு புரிபவராவர். ராஜகீழ்ப்பாக்கத்து இரு மகவும், எங்கும் வளரும் மகவு யாவும், தத்தம் பக்குவத்தில் தவழ்ந்தும் நடந்தும் பேசியும் திருவருளில் ஓங்குக.

திருச்சிற்றம்பலம்.